மார்க் போட வந்த மாணவர்

பாசல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பையனுக்காக, அதாவது நம்ம மாப்பிள்ளைக்காக, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய காலேஜ் விளம்பரங்களைப் பார்த்தேன். ஒன்றில் கல்லூரிகளுக்குக் கிரேடு தரும் நாக் அமைப்பின் ஏ பிளஸ் பிளஸ், இன்னொன்றில் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை. எதை நம்புவது என்று கேட்டிருக்கிறாய்.

இங்கே உள்ள பல்கலைக்கழகம் 1460இல் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலேயே மூத்தது; கணித மேதை ஆய்லர் படித்த இடம். அதற்காக யாரும் சலுகை காட்டுவதில்லை. 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அங்கீகாரம் பெற்றால்தான் பல்கலைக்கழகம் என்று பெயரே வைத்துக்கொள்ளலாம். ஏழு ஆண்டு முடிந்தால் மறுபடி சோதனை. கிரேடு கிடையாது. உண்டு, இல்லை, அல்லது இன்ன குறையைச் சரிசெய்தால் உண்டு. அவ்வளவுதான். அறிக்கையையும் வெளியிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. சோதிக்க வரும் குழுவில் ஒரு மாணவரும் உறுப்பினர். வேறு ஊரில் படிக்கிற பிள்ளை, பேராசிரியர்களோடு சரிசமமாக உட்கார்ந்து நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும். ஐரோப்பிய நெறிமுறையே அப்படித்தான். நம்மூரில் நாக் குழு வந்தபோதெல்லாம், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மாணவர்களுக்கு முதல் நாளே ஒத்திகை நடந்தது. சுவருக்குப் புது பெயின்ட் வேறு.

2024இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் கிளப்பிய விவகாரம் நினைவிருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 224 பொறியியல் கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்றது புகார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் தாளைப் பார்த்தார்கள், வகுப்பைப் பார்க்கவில்லை. முதல் பெஞ்சுப் பையனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், அந்த சார் வந்ததே இல்லை என்று. அடுத்த பிப்ரவரியில் ஆந்திரத்துக் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு ஏ பிளஸ் பிளஸ் தர லஞ்சம் வாங்கியதாக நாக் குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது.

இங்கேயும் எல்லாம் பொன் இல்லை. மருத்துவம் போன்ற சில படிப்புகளைத் தவிர, தனித்தனிப் படிப்பை யாரும் கட்டாயமாகச் சோதிப்பதில்லை. நிறுவனத்தின் ஏற்பாடுகளைத்தான் பார்க்கிறார்கள். உலகத் தரவரிசையும் பிசுபிசுத்துவிட்டது. பக்கத்துச் சூரிச் பல்கலைக்கழகம், தரத்தை விட எண்ணிக்கைக்கே மதிப்பு கூடுகிறது என்று சொல்லி 2024இல் டைம்ஸ் பட்டியலிலிருந்து விலகியது. ஆனாலும் இங்குள்ள நம்மவர்களின் கல்யாண வீட்டில் அந்தப் பட்டியல் இல்லாமல் பேச்சு நகராது!

நீ செய்ய வேண்டியது இதுதான். பொறியியல் போன்ற படிப்புகளுக்கான என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. மாப்பிள்ளை கேட்கிற பிரிவுக்கு இருக்கிறதா என்று பார். அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது, அதையும் பார். பிறகு காலேஜ் வாசல் டீக்கடையில் ஒரு மூன்றாம் ஆண்டுப் பிள்ளையைப் பிடித்து, போன செமஸ்டரில் எந்தப் பாடத்துக்கு யார் வந்தார்கள் என்று பேரோடு கேள். அத்தானைக் கூட்டிப் போகாதே, அவர் கேன்டீனைப் பற்றித்தான் கேட்பார்.

அன்புடன்,
உன் தம்பி