திருப்பிப் பார்த்த கண்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கூடத்து விளக்கைப் போட்டதும் மீன்தொட்டியைத்தான் முதலில் பார்ப்பேன். அன்று ஐந்து மோனோக்களில் நான்குதான் தெரிந்தன. ஐந்தாவது பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, உடலைச் சாய்த்து நின்றது. மோனோ தட்டையான வெள்ளி நிற மீன். கடலும் ஆறும் கலக்கும் கழிமுகங்களில் கூட்டமாகத் திரியும் இனம். கடல்நீரிலும் நன்றாக வாழும். இடது பக்கத்திலிருந்து பார்த்தபோது அதனிடம் ஒரு குறையும் தெரியவில்லை. அது திரும்பியபோதுதான் வலது கண்ணைப் பார்த்தேன். புகை படிந்த அரிக்கேன் சிமினி போல மங்கி, சோளமணி அளவுக்கு வெளியே புடைத்திருந்தது.

அன்றே ஒரு கடைக்குப் போய் விசாரித்தேன். "கண் வீக்கத்துக்கு இது கேட்கும் சார்" என்று மஞ்சள் பொடி ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. முழுத் தொட்டியிலும் கரைத்துவிட்டேன். மூன்றாம் நாள் எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. அமோனியா சோதனைக் குழாயில் பச்சை நிறம் ஏறியது. தொட்டியின் வடிகட்டியில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன் கழிக்கும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். நோய்க் கிருமிக்குப் போட்ட மருந்து அவற்றையும் சேர்த்துக் கொன்றிருந்தது. இரண்டு கோமாளி மீன்கள் செத்தன. அவற்றுக்குக் கண்ணில் ஒரு நோயும் இல்லை. என் அவசரம்தான் அவற்றைக் கொன்றது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த நினைவு எனக்கு ஆறவில்லை.

தண்ணீரை மாற்றினால்தான் மற்றவை பிழைக்கும். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கு அருகில் இருப்பவனுக்குக் கடல்நீர் வேண்டுமென்றால் மாமல்லபுரம் போக வேண்டும். இருபது லிட்டர் கேன்கள் பத்தைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போவேன். அங்கே சங்குதீர்த்தக் குளத்தைக் கடக்கும்போதெல்லாம் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்வேன். கடலுக்கு உரிய சங்கு இந்த நன்னீர்க் குளத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிறக்கிறது என்பது ஊர் நம்பிக்கை. உள்நாட்டு வீட்டில் உப்புநீர் மீன் வளர்க்கிறவனுக்கு அந்தக் குளத்தின் மேல் ஒரு தனிப் பாசம்.

கொக்கிலமேடு கரையில், காலையில் கரை திரும்பும் பைபர் படகுக்காரர்கள் யாராவது அலைக்கு அப்பால் போய்க் கேனை நிரப்பித் தருவார்கள். கரையோர நீர் மணலும் நுரையுமாக இருக்கும், ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் அந்த நீரும் ஆகாது. மழைவெள்ளம் கலந்து உப்பு இறங்கிவிடும். பாலாறு வயலூர்ப் பக்கம் கடலில் விழும்போது சேற்றையும் கூட்டிக்கொண்டு வரும். அன்று கேனுக்காகக் காத்திருந்தபோது ஏலத்தில் மீன் எடுத்து வந்த ஓர் அம்மாளின் கூடை அருகே நின்று, மீன்களின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா தம்பி, வாங்கறியா, கண்ணையே பாத்துனு நிக்கறியே?"

வீட்டு மீனின் கதையைச் சொன்னேன். உயிரோடு இருக்கும் மீனுக்கு வைத்தியமா என்று அவர் சிரிக்கவில்லை. ஒரு பாறை மீனை எடுத்துக் காட்டினார். கண் வெளுத்திருந்தது. பழைய மீன் என்றேன்.

"ஒரு பக்கம் பாத்து சொல்லாத. திருப்பிப் பாரு."

திருப்பினார். மணலைத் தொட்டுக் கிடந்த பக்கத்துக் கண் கண்ணாடி மணி போல மின்னியது. "மேல் கண்ண வெயிலு தின்னுடுச்சி. மீனு நல்ல மீனு. ரெண்டும் வெளுத்தாத்தான் மீனே கெட்டுப்போச்சின்னு அர்த்தம். ஒண்ணு வெளுத்தா அந்தப் பக்கம் என்னமோ நடந்திருக்கு."

செத்த மீனுக்குச் சொன்னார். ஆனால் பிறகு மீன் மருத்துவ நூல்களைத் தேடிப் படித்தபோது, உயிருள்ள மீனுக்கும் முதல் கேள்வி அதுவேதான் என்று தெரிந்தது: ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? ஒரு மீனுக்கா, எல்லா மீனுக்குமா? ஒரு மீனின் ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் அடிபட்டது. பாறையில் இடித்தது, வலையில் உரசியது, இன்னொரு மீன் கொத்தியது. ஒரு மீனின் இரு கண்களும் என்றால் உடலுக்குள் தொற்றோ, ஒட்டுண்ணியோ இருக்கலாம். எல்லா மீன்களின் கண்களும் ஒரே நாளில் மங்கினால் மீன்களை விட்டுவிட்டுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

இந்த மூன்றாவதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் எனக்குக் காட்டியது. மின்சாரம் போய், மோட்டார் நின்று, வடிகட்டிக்குள் நீரோட்டம் அற்றுப்போனது. கையால் வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தும், இரண்டாம் நாள் எல்லா மீன்களின் கண்களிலும் மெல்லிய பால் ஏடு படர்ந்திருந்தது. மீனுக்கு நம்மைப் போல் இமை கிடையாது. தண்ணீரில் எது கரைந்திருந்தாலும் அது நேராகக் கண்ணைத் தொடும். அந்தமுறை ஒரு சொட்டு மருந்தும் போடவில்லை. சேமித்து வைத்திருந்த கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். ஒரு வாரத்தில் ஏடு விலகியது.

கண்ணைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெண்மை கண்ணின் மேற்பரப்பில் ஏடாக நின்றால் கார்னியாவில் கோளாறு. கீறல், அமோனியா, புழு எதுவாகவும் இருக்கலாம். மேற்பரப்பு தெளிவாக இருந்து, கறுப்புப் பாவைக்குள்ளே வெள்ளை முத்துப் போல் தெரிந்தால் அது புரை. மீனின் லென்ஸ் நம்முடையதைப் போல் தட்டையல்ல, முழு உருண்டை. தண்ணீருக்குள் கார்னியா ஒளியை வளைப்பதில்லை என்பதால் பார்க்கும் வேலை முழுவதும் அந்த உருண்டையின் தலையில்தான் விழுகிறது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் அது வடிவம் மாறுவதில்லை. கேமரா லென்ஸ் போல முன்னும் பின்னும் நகர்கிறது. புரை விழுந்த மீனுக்குத் தொட்டிக்காரனால் செய்ய முடிவது அதிகமில்லை. சத்துக் குறைந்த தீவனம்தான் காரணம் என்றால் மற்ற மீன்களையாவது காப்பாற்றலாம். புடைப்பை அளக்க, தொட்டியின் மேலிருந்து தலையை நேர் கீழாகப் பார்க்க வேண்டும். இரு கண்களும் ஒரே அளவு துருத்தியிருக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.

ஒட்டுண்ணியின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் பல வாரம் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பார்க்கத் தவறினேன். புதிதாக வந்த எம்பரர் ஏஞ்சல் மீன் ஒன்றுக்கு இரு கண்களும் மங்கியிருந்தன. அடிக்கடி தலையைச் சிலுப்பியது, பாறையில் பக்கத்தைத் தேய்த்தது. தண்ணீர்ச் சோதனைகள் எல்லாம் சரி. தொற்று என்று நினைத்து மறுபடியும் மருந்துப் பக்கம் கை போனது. அதற்குமுன் நன்னீர்க் குளியல் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். கேன் தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் ஊற்றி, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் சோடா கொஞ்சம் போட்டு பி.எச். அளவைத் தொட்டியோடு ஒத்துப்போகச் செய்து, அரை மணி நேரம் காற்றுக்கல்லை ஓடவிட்டேன். பிறகு மீனை இறக்கினேன். அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. எடுத்துவிடலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. இரண்டாம் நிமிடம் கண்ணின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. பிறகு இன்னொன்று. கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்த தட்டைப் புழுக்கள் நன்னீர் பட்டதும் வெளுத்து, சுருண்டு, எள் உதிர்வதுபோல் பக்கெட்டின் அடியில் விழுந்தன. ஐந்து நிமிடத்தில் மீனை எடுத்துவிட்டு எண்ணினேன், நாற்பதைத் தாண்டியது. நான் மங்கல் என்று நினைத்ததில் பாதி, கார்னியாவின் மேல் உட்கார்ந்திருந்த உயிர்கள்.

நியோபெனிடீனியா என்பது இந்தப் புழுக்களின் பேரினப் பெயர். நன்னீர் ஏன் மீனை விட்டுவிட்டுப் புழுவைக் கொல்கிறது? கடல்மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கெட்டியான தோலும் செதிலும் இருப்பதால் சில நிமிட நன்னீரை அது தாங்கிக்கொள்ளும். மெல்லிய புழு தண்ணீரை உறிஞ்சி உப்பி மடியும். ஆனால் புழு போனாலும் முட்டை போகாது. முட்டைகளில் நூல் போன்ற வால்கள் இருக்கும். வலை, மணல் எங்கும் சிக்கிக்கொண்டு, நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் பொரிக்கும். அதனால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, நாய்க்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் பிராசிகுவான்டெல் மருந்தை லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் வீதம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கொடுத்தேன். இரண்டாம் முறையை மறந்தவர்களுக்கு நோய் திரும்பி வரும்.

இந்த அறிவெல்லாம் அலங்காரத் தொட்டிகளிலிருந்து மட்டும் வந்ததல்ல. சாப்பாட்டு மீன் வளர்ப்பவர்களின் நட்டங்களிலிருந்தும் வந்தது. 1987-இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனைப் பண்ணை முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. இந்தியாவில் கொடுவா மீனைச் சிறைப்பட்ட நிலையில் முதன்முதலாக இனப்பெருக்கம் செய்ய வைத்தவர்கள் அவர்கள், 1997-இல். கொடுவாவின் கண் இருட்டில் வெளிச்சம் பட்டால் நெருப்புத் துண்டு போல ஒளிரும். அந்தக் கண்கள் இரண்டும் புடைத்து, உடல் கறுத்து, மீன் சுழன்று நீந்தினால் வளர்ப்பவர்கள் பயப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு. அங்கே கண் நோயாளியல்ல, மூளைக்கும் இரத்தத்துக்கும் பரவிய தொற்றை வெளியே காட்டும் சன்னல். அப்படிப்பட்ட மீனுக்குத்தான் ஆன்டிபயாடிக் தேவை. அதுவும் தனித் தொட்டியில், முடிந்தால் தீவனத்தில் கலந்து, விஷயம் தெரிந்த மீன்வள மருத்துவரைக் கேட்டு.

கண் புடைக்க இன்னொரு காரணமும் உண்டு. மோட்டாரின் உறிஞ்சு குழாயில் சின்ன ஓட்டை இருந்தால் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அழுத்தத்தில் நீரோடு கரையும். சோடா பாட்டில் திறந்தது போல அது மீனின் உடலுக்குள் குமிழியாகும். மீனின் கண்ணுக்குப் பின்னால் ஆக்சிஜனைச் செறிவாக்கும் இரத்தக்குழாய் வலை ஒன்று இருப்பதால் குமிழிகள் அங்கே எளிதில் தென்படும். இதற்கு வைத்தியம் ஓட்டையை அடைப்பதும், காற்றுக்கல்லை முழு வேகத்தில் ஓடவிடுவதும். காற்றால் வந்த நோய்க்குக் காற்றா என்று தோன்றும். நீரைக் கலக்கினால்தான் அளவுக்கு மீறிக் கரைந்த வாயு வெளியேறும்.

இனி அந்த மோனோ. கரையில் அந்த அம்மா சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது: அந்தப் பக்கம் என்னமோ நடந்திருக்கு. என்ன நடந்தது? ஒருநாள் விடியற்காலை விளக்கைப் போடாமல், இருட்டில் தொட்டி முன் உட்கார்ந்திருந்தேன். அம்மா எழுந்து வந்து சுவிட்சைத் தட்டினார். அடுத்த நொடி ஐந்து மோனோக்களும் ஈட்டி போலப் பாய்ந்தன. ஒன்று கண்ணாடியில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. கூட்ட மீன், இருட்டில் திடீர் வெளிச்சம் என்றால் அதற்குப் பருந்து வந்த மாதிரி. மாதக்கணக்கில் தினமும் ஐந்து மணிக்கு நான்தான் அந்தப் பருந்தாக இருந்திருக்கிறேன்.

அன்று மாலையே கூடத்தில் ஜீரோ வாட் பல்பு ஒன்று மாட்டினேன். இரவு முழுதும் எரியும். கூர்மையான பாறை ஒன்றை எடுத்துவிட்டேன். அடிபட்ட மீனைத் தொட்டிக்குள்ளேயே துளையிட்ட பெட்டியில் தனியாக வைத்து, தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்தேன், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் புடைப்பு வடிந்தது. ஆனால் அந்தக் கண் சுருங்கிப் போய்விட்டது, பார்வை வரவில்லை.

அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பார்வை போன சுந்தரருக்குக் காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு வந்துச்சு. இன்னொண்ணுக்குத் திருவாரூர் வரைக்கும் நடந்தாரு. இது எங்கடா நடக்கும் பாவம்." அதற்குப் பிறகு தீவனம் போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். தொட்டியின் வலது ஓரத்தில் ஒரு கை போட்டு மற்ற நான்கையும் அங்கே இழுத்துவிட்டு, பிறகு இடப்பக்கம் வருவார். ஒற்றைக் கண் மோனோ அங்கே உடலைச் சற்றுத் திருப்பி, நல்ல கண்ணை மேலே காட்டி, அவர் விரலுக்காகக் காத்திருக்கும்.