எத்தனை மணி நேர மாத்திரை?

தூக்க மாத்திரை எழுதினால், "பவர் கம்மியானதுதானே டாக்டர்?" என்று கேட்காதவர்கள் குறைவு. அட்டையில் 0.5 என்றிருந்தால் நிம்மதி. 10 என்றிருந்தால் பயம். ஆனால் 0.5 மி.கி. அல்பிரசோலம், 5 மி.கி. டயசிபாமுக்குச் சற்றும் இளைத்ததல்ல. வெவ்வேறு மருந்துகளை மில்லிகிராம் வைத்து எடைபோட முடியாது. மனநல மருத்துவனாக நான் பார்ப்பது நேரத்தை: எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் உடம்பில் தங்குகிறது, விடும்போது என்ன பாடுபடுத்துகிறது.

அதனால் மாத்திரைக்கு முன்னால் இரவைப் பற்றி விசாரிக்க வேண்டும். படுத்ததும் தூக்கம் வராமல் புரளுகிறாரா, நடுவில் விழித்துக்கொள்கிறாரா? குறட்டை உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் கூட வந்தவரிடமிருந்துதான் வரும். குறட்டையோடு மூச்சும் நின்று நின்று வருகிறது என்றால் தூக்க மாத்திரையே ஆபத்தாகலாம். விடிகாலை மூன்று மணிக்கு விழித்து, மனம் கனத்துக் கிடப்பவருக்கு வைத்தியம் மனச்சோர்வுக்கு. தூக்கம் தானாகப் பின்னால் வரும்.

புரண்டு புரண்டு படுத்து, தூங்கிவிட்டால் விடியும்வரை எழாதவருக்கு சோல்பிடெம் பொருந்தும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் அளவு ரத்தத்தில் பாதியாகிவிடும். நடுநிசியில் விழிப்பவருக்கு அது போதாது. எஸோபிக்ளோனுக்கு அதே கணக்கு ஆறு மணி நேரம். மறுநாள் காபியும் கசக்கிறது என்பார்கள், அது மருந்தின் குணம். குளோனசிபாமுக்கோ 30 முதல் 40 மணி நேரம். இன்று போட்டதில் பாதிக்கு மேல் நாளை இரவும் உடம்பில் இருக்கும். அதன்மேல் அடுத்தது சேரும். "நல்லா தூங்குறேன் டாக்டர், பகல்லதான் தள்ளாடுது" என்கிற பாட்டிக்கு நான் பயப்படுவது, ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து நடக்கும் அந்தப் பத்தடி தூரத்துக்குத்தான். இடுப்பெலும்பு முறிய அது போதும்.

சீக்கிரம் விலகுவதாலேயே சோல்பிடெம் சாது என்றும் சொல்ல முடியாது. பெண்களின் உடம்பில் அது மெதுவாகக் கழிகிறது. காலையிலும் மப்பு நிற்கிறது என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அவர்களுக்கான அளவை 10 மி.கி.யிலிருந்து 5 ஆகக் குறைத்தது. தூக்கத்திலேயே நடப்பது, வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்காக 2019இல் கடும் எச்சரிக்கையும் அச்சிடவைத்தது. போட்டுக்கொண்டு சீரியல் பார்க்க உட்காராதீர்கள், படுக்கையில் படுக்கும்போது போடுங்கள், குடித்த அன்று தொடவே தொடாதீர்கள் என்று சீட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்.

பழைய மருந்துகள் மூளையை அடக்கித் தூங்கவைப்பவை. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுவோரெக்சான்ட் வகை வேறு வழியில் போகிறது: விழித்திரு என்று மூளையைத் தூண்டும் ஓரெக்சினை மட்டும் மறிக்கிறது. பழகிப்போகும் பயம் இதில் குறைவு. மறுநாள் தூக்கக் கலக்கம் இதிலும் உண்டு.

நிறுத்துவதுதான் நிஜமான சோதனை. அல்பிரசோலத்தைத் திடீரென்று விட்டால் அடுத்த சில இரவுகள் முன்பைவிட மோசமாகும். "பாத்தீங்களா, மாத்திரை இல்லன்னா எனக்குத் தூக்கமே இல்ல" என்று முடிவுகட்டிவிடுவார்கள். அது மருந்து விலகும்போது வரும் எதிர்வினை; பழைய வியாதி அல்ல. அல்பிரசோலம், எச்-1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து என்பதால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். ஆனாலும் பழைய சீட்டு வீடு முழுக்கச் சுற்றுவது நடக்கிறது.

ஆகவே முதல் சீட்டிலேயே எத்தனை வாரம், எப்படிக் குறைப்பது என்று எழுதிவிடுகிறேன். கூடவே தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது போன்ற பயிற்சிகளையும் தொடங்கிவிடுவோம்; நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் வைத்தியம் அதுவே. இரண்டு மருந்துகள் ஒரே மாதிரி தூங்கவைக்கும் என்றால், விடுவதற்கு எது சுலபமோ அதைத்தான் எழுதுவேன்.