போஸ் ஸ்பீக்கரும் நாங்கள் சொன்ன ஒரு சொல்லும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். ஆனால் கடைசிவரை வாசியுங்கள், சொல்ல வேண்டிய விசயம் கடைசியில்தான் இருக்கிறது.

எழுதுவது ஒருவர் என்றாலும் "நாங்கள்" என்றுதான் எழுதுகிறோம். எங்கள் பாடசாலையின் பிரதான மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வாங்கப் போட்ட குழுவில் ஐந்து ஆசிரியர்கள் இருந்தோம். ஐந்து பேரும் வாசித்து, சரி என்று சொன்ன பிறகுதான் இது இங்கே வருகிறது.

கதை போன வருசம் தொடங்கியது. கட்டாரில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் மண்டபத்துக்கு ஸ்பீக்கர் வாங்கப் பணம் தருவதாகச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை: வாங்கினால் போஸ் வாங்க வேண்டும். அவருடைய அறையில் சின்னதாக ஒரு போஸ் இருக்கிறதாம். வேலை முடிந்து வந்து இரவில் அதைப் போட்டால்தான் களைப்புப் போகுமாம். "அந்தச் சத்தம் எங்கட பிள்ளைகளுக்கும் கிடைக்கணும் சேர்" என்றார். நல்ல மனசு. அதில் ஒரு குறையும் இல்லை.

ஆசிரியர் ஓய்வறையில் அன்றே இரண்டு கட்சி உருவானது. எங்கள் குழுவில் ஒரு சேர் பாட்டுக் கேட்பதில் பைத்தியம். ஹெட்போன் மட்டும் நாலு வைத்திருப்பார். "போஸா? அது விளம்பரம் சேர். உச்சமும் இல்லை, அடியும் இல்லை என்றால் அதுதான் போஸ் என்று வெளிநாட்டில் ஒரு பகிடியே இருக்கு" என்றார். இன்னொருவர், "அப்ப உலகம் முழுக்க வாங்குறவன் எல்லாம் மடையனா?" என்று கேட்டார். இண்டர்வல் மணி அடித்தும் அது முடியவில்லை.

அப்போதுதான் ஊரில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கும் நானாவைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டோம். பேரைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு, மீலாத் விழா எல்லாவற்றுக்கும் பாதிக் காசுக்கு, சில நேரம் காசே இல்லாமல், வந்து வயர் இழுத்தவர். அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போஸ் நல்ல சாமான்தான். ஆனா இந்த ஹோலுக்கு இப்ப எதப் போட்டாலும் சரிவராது. முதல்ல ஹோலப் பாருங்க. அந்தக் காசுல பாதி போதும்."

அன்று இரவு பெற்றோர், பழைய மாணவர், ஆசிரியர் எல்லோரும் இருக்கும் வட்ஸ்அப் குழுமத்தில் ஒருவர் எழுதினார்: "போஸ் எடுத்தா அவருக்குக் கமிஷன் இல்லத்தானே." எங்களில் ஒருவர் அதற்குச் சிரிக்கும் படம் ஒன்று போட்டார். இன்னொருவர், "யோசிக்க வேண்டிய விசயம்தான்" என்று எழுதினார். மற்ற மூவரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். அரை மணித்தியாலத்தில் நானா குழுமத்தை விட்டு வெளியேறினார். அதன் பிறகு பாடசாலைப் பக்கம் வரவில்லை.

பரிசளிப்பு விழாவுக்கு வெளியூரிலிருந்து பெரிய பெட்டிகள் வாடகைக்கு எடுத்தோம். மேடையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு நிறுத்தினார்கள். சத்தம் பயங்கரம், ஆனால் பத்தாவது வரிசைக்குப் பிறகு ஒரு சொல் விளங்கவில்லை. தரம் ஏழில் விஞ்ஞானத்துக்கு முதலிடம் எடுத்த பிள்ளையின் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டோம். யாரும் வரவில்லை. வரவில்லை என்று நினைத்து அடுத்த பெயருக்குப் போய்விட்டோம். பிள்ளை பின்வரிசையில் உம்மாவுடன் இருந்திருக்கிறது. தன் பெயர் கேட்கவில்லை. விழா முடிந்து கதிரை அடுக்கும்போது அந்த உம்மா வந்து, "என்ட பிள்ளைக்குப் பரிசு இருக்கு என்றீங்களே சேர்?" என்று கேட்டார். அந்த இடத்தில் எங்களுக்கு முகம் இல்லாமல் போனது.

அதற்குப் பிறகுதான், இந்தப் போஸ் சண்டை என்னதான் என்று ஒழுங்காகத் தேடி வாசித்தோம். வாசித்ததில் எங்களைத் தொட்டதை மட்டும் சொல்கிறோம்.

போஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். அமர் கோபால் போஸ். 1929இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். தகப்பன் வங்காளி, வெள்ளைக்காரனுக்கு எதிரான போராட்டத்தில் இருந்து, கல்கத்தாவை விட்டுத் தப்பிப் போனவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டுச் செலவுக்காக மகன் பதின்மூன்று வயதிலேயே ரேடியோ திருத்தியிருக்கிறார். பிறகு எம்.ஐ.டி.யில் படித்து, அங்கேயே பேராசிரியராகப் பல காலம் படிப்பித்தார்.

1956இல் படிப்பு முடிந்த கையோடு நல்ல ஸ்டீரியோ செற் ஒன்று வாங்கினார். காகிதத்தில் இருந்த கணக்கெல்லாம் திறம். ஆனால் வீட்டில் போட்டுக் கேட்டால் வயலின் வயலின் மாதிரி இல்லை. ஏன் என்று தேடப் போனவர்தான் 1964இல் கம்பனி தொடங்கினார்.

அவர் கண்டுபிடித்தது இதுதான். ஒரு கச்சேரி மண்டபத்தில் நம் காதுக்கு வருகின்ற சத்தத்தின் பெரும்பகுதி மேடையிலிருந்து நேராக வருவதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்துத்தான் வருகிறது. அப்படியென்றால் வீட்டு ஸ்பீக்கரும் அப்படித்தானே இருக்க வேண்டும்? 1968இல் 901 என்ற ஸ்பீக்கரை வெளியிட்டார். ஒரு பெட்டிக்குள் ஒன்பது சின்ன ஸ்பீக்கர்கள். ஒன்று மட்டும் கேட்பவரைப் பார்த்திருக்கும். மற்ற எட்டும் பின்சுவரைப் பார்த்திருக்கும்.

சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சாரார், அறையே மண்டபம் ஆகிவிட்டது என்றார்கள். மற்றச் சாரார், பாடகர் எங்கே நிற்கிறார், வயலின் எங்கே இருக்கிறது என்று பிடிக்க முடியவில்லை, எல்லாம் கரைந்து போகிறது என்றார்கள். பிறகு கையடக்கமான சின்னப் பெட்டிகள் வந்தன. அவற்றுக்கும் அதே கதை. வீட்டில் இடத்தை அடைக்காது, பூட்டுவது லேசு, கேட்க இதமாக இருக்கிறது என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். ஒலிப் பிரியர்களோ, இவ்வளவு விலைக்கு இவ்வளவு சின்னக் கோனா, அளவீடுகளை ஏன் வெளியிடுவதில்லை என்று கேட்டார்கள். போஸின் பதில், அளவுக் கணக்கு காதுக்குச் சமானமாகாது என்பது.

இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை என்றுதான் எங்களுக்குத் தெரிகிறது. ஒருவர், "பதிவில் உள்ளது அப்படியே வருகிறதா?" என்று கேட்கிறார். மற்றவர், "எனக்குக் கேட்க நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கிறார். கேள்வி வேறு என்பதால் விடையும் வேறாகிறது. எங்கள் கட்டார்க்காரரும் எங்கள் ஹெட்போன் சேரும் இப்படித்தான். அறையில் ஒருவர் தனியாக இருந்து கேட்கும் சந்தோசத்தை ஒருவர் பேசினார். கருவியின் நேர்மையை மற்றவர் பேசினார். எண்ணூறு பிள்ளைகள் இருக்கும் மண்டபத்தைப் பற்றிப் பேசியது சவுண்ட் நானா மட்டும்தான்.

இன்னொரு விசயமும் வாசித்தோம். அதை வாசித்த அன்று எங்களுக்கு நித்திரை சரியாக வரவில்லை.

1970இல் அமெரிக்காவின் கொன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை 901ஐப் பரீட்சித்து எழுதியது. வயலின் பத்து அடி அகலமாகக் கேட்கிறது, வாத்தியங்களின் சத்தம் அறையைச் சுற்றி அலைகிறது என்ற கருத்தில் எழுதினார்கள். போஸ் கம்பனி வழக்குப் போட்டது. உண்மையில் சத்தம் நகர்ந்தது இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே, சுவரோரமாக மட்டும். "சுவரோரமாக" என்பதற்கும் "அறையைச் சுற்றி" என்பதற்கும் உள்ள வித்தியாசம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. 1984இல் தீர்ப்பு வந்தது. எழுதிய சொல் பிழையாக இருக்கலாம், ஆனால் பொய் என்று தெரிந்துகொண்டோ, உண்மையைப் பொருட்படுத்தாமலோ எழுதினார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சஞ்சிகையின் பக்கமே தீர்த்தார்கள்.

ஸ்பீக்கர் பற்றிய ஒரு சொல்லுக்காகப் பதினாலு வருசம். அந்தப் பரிசோதகர்கள் ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். "கமிஷன்" என்று எழுதிய இடத்தில் நாங்கள் எதைப் பார்த்தோம்? எந்தப் பில்லைப் பார்த்தோம்? நானா எங்களுக்கு ஒரு சாமானும் விற்கவில்லை. விலை கூடச் சொல்லவில்லை. பாதிக் காசு போதும் என்றார். பாதிக் காசுக்குச் செய்யச் சொல்கிறவருக்குக் கமிஷன் எங்கிருந்து வரும் என்ற சின்னக் கணக்கைக் கூட, பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கும் நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை.

ஐந்து பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி தந்தார். குடித்து முடிந்ததும், "ஹோல் திறப்பு இருக்கா?" என்று கேட்டார்.

மண்டபத்தின் நடுவில் நின்று, "கைய ஒருக்காத் தட்டிப் பாருங்க சேர்" என்றார். தட்டினோம். சத்தம் நின்று நின்று திரும்பி வந்தது. அவர் சிரித்தார். "இதத்தான் அண்டைக்குச் சொன்னன்."

மண்டபத்தின் நீளம் ஏறத்தாழ 30 மீற்றர். வெறும் சீமெந்துச் சுவர், தகரக் கூரை. மேடையிலிருந்து புறப்படும் சத்தம் பின்சுவரில் பட்டுத் திரும்பிவர 60 மீற்றர் ஓட வேண்டும். சத்தத்தின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் அளவு. செக்கனில் ஆறில் ஒரு பங்கு பிந்தி வருகிறது. அதற்குள் நாங்கள் அடுத்த எழுத்தைச் சொல்லிவிடுவோம். பழைய எழுத்து புதிய எழுத்தின் மேல் வந்து விழுகிறது. பெட்டியைப் பெரிதாக்கினால் எதிரொலியும் பெரிதாகும். இது விஞ்ஞானப் பாடத்தில் நாங்களே கரும்பலகையில் எழுதுவது. பின்சுவரில் தெறிக்க வைத்து அழகு சேர்க்கலாம் என்ற போஸின் யோசனை கம்பளமும் சோபாவும் இருக்கும் வீட்டு அறைக்கு. எங்கள் மண்டபத்தில் தெறிப்பு ஏற்கெனவே தேவைக்கு மேலே கிடக்கிறது.

நானா சொன்னபடி செய்தோம். பின்சுவருக்கு மொத்தமான திரைச்சீலை, மடிப்பு மடிப்பாக. மேடையில் பெரிய பெட்டி இல்லை. பக்கச் சுவர்களில் ஆறு சின்னப் பெட்டிகள், பிள்ளைகளின் தலையைப் பார்த்துச் சரித்து, சத்தம் குறைத்து. கட்டார்க்காரரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பின்னால இருக்கிற பிள்ளைக்குக் கேட்குதா சேர்? கேட்டாச் சரி" என்றார். மிச்சக் காசு நூலகத்துக்கு. பில்கள் எல்லாம் காரியாலய அறிவித்தல் பலகையில் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம்.

போன திங்கட்கிழமை காலைக் கூட்டத்தை மண்டபத்தில் வைத்து, அந்தப் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டோம். கடைசி வரிசையில் நின்ற பிள்ளை, ஒரே தரத்தில் எழும்பி வந்து பரிசை வாங்கியது. நானா வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

வீட்டில் போய்க் கேட்ட மன்னிப்பு ஐந்து பேருக்கும் அவருக்கும் இடையில் நடந்தது. ஆனால் அந்தச் சொல்லை நாங்கள் ஊர் பார்க்கத்தான் விட்டோம். அதனால்தான் இந்தப் பதிவு. நானா கமிஷன் எடுக்கவில்லை. எடுத்தார் என்று நினைக்க எங்களிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி. அந்தக் குழுமத்தில் அன்று அதை வாசித்த எல்லோரும் இதையும் வாசிக்க வேண்டும். தயவுசெய்து பகிருங்கள்.

போஸ் நல்லதா கூடாதா என்று கொமெண்டில் சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் பிடியுங்கள். ஹெட்போன் சேர் தயாராக இருக்கிறார். எதிர்ப்பக்கம் பேசுகிறவருக்குக் கமிஷன் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.