மேலதிகாரியின் நகைச்சுவை

பதினெட்டு ஆண்டுகள் நாம் ஓர் அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தோம். காலையில் உள்ளே நுழையும்போதே ஏதேனும் ஒரு வேடிக்கை சொல்வது நம் வழக்கம். மேசைகளுக்குப் பின்னாலிருந்து சிரிப்பொலி எழும். அந்தச் சிரிப்பை அன்பின் அடையாளமாகவே கருதி வந்தோம். ஓய்வு பெற்ற பின்னர், வெளிநாட்டில் பணிபுரியும் நம் மகன் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களை நமக்குக் காட்டினான். இரண்டுக்கும் பெயர் ஒன்றே: 'தி ஆஃபீஸ்'. ஒன்று பிரிட்டனில் பிறந்தது. மற்றது அதைத் தழுவி அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. சிரிப்பதற்கென்று அமர்ந்த நாம், முதல் நாளிலேயே சிரிப்பை இழந்து எழுந்தோம்.

காரணத்தைக் கூறுமுன் அத்தொடரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ரிக்கி ஜெர்வெய்ஸ், ஸ்டீஃபன் மெர்ச்சன்ட் ஆகிய இருவர் எழுதி இயக்கிய பிரிட்டானியத் தொடர் 2001-இல் பி.பி.சி.யில் தொடங்கியது. லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்னும் ஊரில், காகிதம் விற்கும் நிறுவனம் ஒன்றின் கிளை அலுவலகமே கதைக்களம். அதன் மேலாளர் டேவிட் பிரென்ட், தம்மைப் பெரிய நகைச்சுவையாளர் என்று எண்ணுபவர். ஊழியர்கள் தம்மை நண்பராகவே கொண்டாடுகிறார்கள் என்று நம்புபவர். முதல் நிகழ்ச்சியில், புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞனுக்குத் தம் திறமையைக் காட்ட விரும்பி, வரவேற்பாளராகப் பணிபுரியும் டான் என்னும் பெண்ணை அறைக்குள் அழைக்கிறார். ஒட்டுத்தாள்களைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டி, வேலையிலிருந்து நீக்குவதாகப் பொய் சொல்கிறார். அப்பெண் அழுதுவிடுகிறார். அதன் பின்னரே அது வெறும் விளையாட்டு என்று தெரிகிறது.

நம் அலுவலகத்திலும் ஓர் இளம் தட்டச்சர் இருந்தார். தம் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல விடுப்புக் கேட்டு ஒருநாள் நம் முன் நின்றார். நாம் முகத்தை இறுக்கிக்கொண்டு, இம்மாதம் எவருக்கும் விடுப்பு இல்லை என்று மேலிடத்து ஆணை வந்திருப்பதாகக் கூறினோம். அவர் கண்கள் நிறைந்தன. உடனே, முன்னமே கையொப்பமிட்டு வைத்திருந்த விண்ணப்பத்தைக் கோப்பின் அடியிலிருந்து எடுத்து நீட்டினோம். அறையே சிரித்தது, அவரும் சிரித்தார். நம் நகைச்சுவை உணர்வுக்குச் சான்றாக இந்நிகழ்ச்சியை எத்தனையோ முறை வீட்டில் சொல்லியிருக்கிறோம்!

அந்தக் காட்சியின் வழியே, கடல் கடந்த ஒரு தொடர் நம்மை நமக்கே காட்டியது. அமெரிக்கத் தொடர் நமக்கு ஆறுதல் தருமோ என்று பார்த்தோம். 2005-இல் என்.பி.சி. ஒளிபரப்பிய அதன் முதல் நிகழ்ச்சி, பிரிட்டானிய மூலத்தைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றியது. ஸ்லவ் நகரம் பென்சில்வேனியா மாநிலத்து ஸ்கிரான்டன் ஆயிற்று. டேவிட் பிரென்ட், ஸ்டீவ் கரேல் நடித்த மைக்கேல் ஸ்காட் ஆனார். டான் இருந்த இடத்தில் பாம் இருந்து அழுதார். அங்கும் தப்ப வழியில்லை.

ஆனால், பின்னர் நிகழ்ந்தவை வேறு. தொடரை அமெரிக்காவுக்கு ஏற்ப அமைத்த கிரெக் டேனியல்ஸ், இரண்டாம் பருவத்திலிருந்து மைக்கேலின் இயல்பையே மாற்றினார். அவர் மடமையை விட்டுவைத்தார்; அதற்குள் ஒரு குழந்தை மனத்தையும் வைத்தார். விற்பனையில் மைக்கேல் உண்மையிலேயே வல்லவர் என்றும் காட்டினார். பிரிட்டானியத் தொடர் 2003-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பதினான்கே நிகழ்ச்சிகளில் முடிந்தது. அமெரிக்கத் தொடரோ 2013 வரை ஒன்பது பருவங்களில் 201 நிகழ்ச்சிகளாக நீண்டது. பதினான்கு முறை ஒருவரைக் கண்டு கூசலாம். இருநூறு முறை கூச இயலாது. உரிமக் கட்டணத்தால் நடக்கும் பி.பி.சி.யில் இரண்டு எழுத்தாளர்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம். விளம்பரத்தால் வாழும் அமெரிக்க நிறுவனத்துக்கு, ஆண்டுதோறும் மக்கள் தம் வீட்டுக்குள் அழைக்க விரும்பும் விருந்தாளி ஒருவர் தேவைப்பட்டார்.

எனினும், வணிகம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நகைப்புப் பிறக்கும் நிலைக்களங்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். பிறரைத் தாம் எள்ளிச் சிரிப்பதும், பிறர் தம்மை எள்ளும்போது தாமும் சிரிப்பதும் ஆக அது இருவகைப்படும் என்று உரை கண்டார் பேராசிரியர். பிரிட்டானிய நகைச்சுவையின் பெருமை இரண்டாவதில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. தம் தோல்வியை, தம் அற்பத்தனத்தை, தம் சமூகத்தின் ஏற்றத்தாழ்வைத் தாமே ஈவிரக்கமின்றி எள்ளுகிறார்கள். அமெரிக்கரோ, மனிதன் தவறினாலும் நாளை எழுவான் என்ற நம்பிக்கையோடு சிரிக்க விரும்புகிறார்கள்.

ஜான் கிளீஸ், கானி பூத் இருவரும் எழுதிய 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975-இலும் 1979-இலுமாகப் பன்னிரண்டு நிகழ்ச்சிகளே வந்தது. டார்க்கீ என்னும் கடற்கரை ஊரில் விடுதி நடத்தும் பேசில் ஃபால்ட்டி, எளிய விருந்தினரை அவமதிப்பார். பிரபு என்று சொல்லிக்கொண்டு வந்த மோசடிக்காரன் முன் குழைந்து நிற்பார். அமெரிக்கர் இதனை மூன்று முறை தம்மிடம் கொண்டுவர முயன்றனர். 1983-இல் வந்த 'அமாண்டாஸ்' பேசிலையே நீக்கிவிட்டு, விடுதியை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தது. 1999-இல் 'பெய்ன்' வந்தது. எதுவும் நிலைக்கவில்லை. பிரபுக்களே இல்லாத நாட்டில் பிரபுவின் முன் குழைபவரை எங்கே நிறுத்துவது?

நிலைத்தவையும் உண்டு. லண்டனில் பழைய சாமான் வணிகம் செய்யும் தந்தையும் மகனும் ஒருவரையொருவர் விட்டு நீங்க முடியாமல் தவிப்பதைக் காட்டிய 'ஸ்டெப்டோ அண்ட் சன்' 1962-இல் தொடங்கியது. பத்து ஆண்டுகள் கழித்து, அமெரிக்கர் அதனை லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வாழும் கறுப்பினக் குடும்பத்தின் கதையாக்கினர். ரெட் ஃபாக்ஸ் நடித்த அந்த 'சான்ஃபோர்டு அண்ட் சன்' 1977 வரை ஓடியது. வர்க்கம் என்னும் காயம் இருந்த இடத்தில், நிறம் என்னும் தம் காயத்தை அவர்கள் கண்டுகொண்டார்கள். சொற்களைப் பெயர்த்தவர்கள் தோற்றார்கள். வலியைப் பெயர்த்தவர்கள் வென்றார்கள்.

மீண்டும் நம் இரு மேலாளர்களிடம் வருவோம். 2002-இல் வந்த இரண்டாம் பருவத்தின் முடிவில் டேவிட் பிரென்ட் வேலை இழக்கிறார். அதுவரை பேசிய வேடிக்கை அனைத்தும் உதிர, தம்மை நீக்க வேண்டாம் என்று கண்ணீர் மல்க மன்றாடுகிறார். அன்று டானைப் பொய்யாக அழவைத்தவருக்கு, உண்மையான நீக்கம் இன்னதென்று தெரிகிறது. அமெரிக்கத் தொடரில் 2007-இல் வந்த ஒரு காட்சி இதற்கு மறுபுறம். பாம் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கிறார். மதித்துப் பார்ப்பார் இல்லை. இறுதியில் மைக்கேல் ஸ்காட் ஓடி வருகிறார். அலுவலகக் கட்டடத்தைத் தீட்டிய படத்தின் முன் நின்று மனம் நெகிழ்கிறார். அதனை விலைக்குக் கேட்கிறார். அழவைத்தவரே ஆறுதலும் ஆனார்.

எது உயர்ந்தது என்று மகன் கேட்டான். நமக்கு இரண்டுமே தேவைப்பட்டன. பிரிட்டானியர் காட்டிய கண்ணாடி இல்லையெனில் நாம் நம்மை அறிந்திருக்க மாட்டோம். அமெரிக்கர் காட்டிய காட்சி இல்லையெனில், அறிந்ததை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்திருக்க மாட்டோம்.

சில மாதங்களுக்குப்பின் ஒரு திருமண வீட்டில் அந்தத் தட்டச்சரைக் கண்டோம். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், தலை நரைத்திருந்தது. பந்திக்கு அழைக்கும்வரை அருகில் அமர்ந்து, அந்த விடுப்பு விண்ணப்பத்தை நினைவூட்டி, அன்று செய்தது தவறு என்று சொன்னோம்.

"அதெல்லாம் இப்போ எதுக்கு சார்? எனக்கு ஞாபகம்கூட இல்லை" என்று சிரித்தார்.

சற்று நேரம் சென்றது. பந்தியிலிருந்து அழைப்பு வந்தது. எழுந்தவர், நம் பக்கம் திரும்பாமலே, "அம்மா அந்த வருஷமே போயிட்டாங்க சார்" என்றார்.

நாம் அன்று வேடிக்கை ஏதும் சொல்லவில்லை. அவர் பின்னால் நடந்து சென்று, அவர் அருகில் அமர்ந்து உண்டோம்.