மங்கிய பொறி

பிறர்மீது பழி சுமத்துவது எளிது. தன் பிழையைத் தானே காண்பது அரிது. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது நூல் அன்று. என் தந்தையார் விட்டுச் சென்ற பழைய கார்.

ஒரு நாள் மாலை, முதுமையுற்ற என் அன்னையாருடன் சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குப் புறப்பட்டேன். சமவெளியில் கார் ஒருவாறு ஓடியது. மலைப்பாதையில் மூன்றாம் வளைவைக் கடந்ததும் விட்டுவிட்டு இருமியது, பின்னர் நின்றேவிட்டது. இருளும் சூழ்ந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த பேருந்தில் ஏறி இருவரும் ஊர் திரும்பும்வரை நான் பட்ட கலக்கம் பெரிது.

மறுநாள் காரைப் பட்டறைக்கு இழுத்துவரச் செய்தேன். அங்குப் பணி செய்த இளைஞர், முந்திய மாதந்தான் அதற்குப் புதிய காயில் ஒன்றைப் பொருத்தியிருந்தார். "போலிப் பொருளைப் பொருத்தி என்னை ஏமாற்றிவிட்டாய்!" என்று பலர் முன்னிலையில் கடிந்துரைத்தேன். அவர் முகம் வாடியது. ஆயினும் அவர் வாயிலிருந்து கடுஞ்சொல் ஒன்றும் பிறக்கவில்லை. "சோதித்துப் பார்ப்போம், ஐயா. நீங்களும் அருகில் இருந்து பாருங்கள்" என்றார்.

இத்தகைய பழைய கார்களில் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பற்றவைப்பது, பிளக்கில் தோன்றும் மின்பொறியாகும். பேட்டரி தருவதோ 12 வோல்ட்டுதான். காயிலின் முதற்சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைப் 'பாயிண்ட்' எனப்படும் தொடுமுனைகள் திடீரெனத் துண்டிக்கின்றன. அந்நொடியே இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டு எழுகின்றது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டலே இதற்கு அடிப்படை. முதற்சுற்றில் மின்னோட்டம் குறைந்தால் பொறியும் மங்கும். கார் மலையேறும்போது சிலிண்டரினுள் அழுத்தம் மிகுகின்றது. அவ்வழுத்தத்தை ஊடுருவிப் பாய மங்கிய பொறிக்கு வலிமை போதாது. சமவெளியில் ஓடிய கார் மலையில் நின்றதன் காரணம் இதுவே.

இளைஞர், காயிலிலிருந்து வரும் தடித்த கம்பியைக் காப்பிட்ட இடுக்கியால் பற்றி, அதன் முனையை என்ஜினின் உலோகத்திற்குச் சற்றே எட்டப் பிடித்தார். மற்றொருவர் என்ஜினைச் சுழற்றினார். நீலநிறமாய்ச் சுரீரென்று பாயவேண்டிய பொறி, மஞ்சள் நிறமாய் மெலிந்து தோன்றியது.

"பார்த்தாயா? காயில்தான் கெட்டது!" என்றேன்.

"பொறி மங்கியிருப்பது உண்மைதான், ஐயா. காரணம் இன்னும் தெரியவில்லையே!" என்றார் அவர்.

தொடுமுனைகளைத் துடைத்து, அவற்றின் இடைவெளியைச் சரிசெய்தார், கண்டென்சரை மாற்றினார். பயனில்லை. பின்னர்த் தொடுமுனைகள் சேர்ந்திருக்கும் நிலையில் சாவியைத் திருப்பி, வோல்ட்டுமானியால் அளந்தார். பேட்டரியில் 12 வோல்ட்டு இருந்தது. காயிலுக்கு வந்து சேர்ந்ததோ 9 வோல்ட்டுதான்.

"வழியில் 3 வோல்ட்டு வீணாகிறது. மின்னோட்டம் காற்பங்கு குறைந்தால், காயிலில் சேரும் ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகிவிடும்" என்று கூறி, காருக்குள் அமர்ந்து, முகப்புப் பலகையின் பின்னே செல்லும் கம்பியை விரலால் தடவிக்கொண்டே சென்றார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. அவ்விடம் சுட்டது. அங்குச் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்தார். உள்ளே முறுக்கிய செப்புக் கம்பி பச்சைக் களிம்பேறிக் கிடந்தது.

"இந்த இணைப்பைச் செய்தவர் யார், ஐயா?"

என் நா எழவில்லை. ஈராண்டுகளுக்கு முன் வானொலிப் பெட்டி ஒன்றைப் பொருத்துவதற்காக அக்கம்பியை வெட்டி, ஈயம் வைக்காமல் கையாலேயே முறுக்கிவிட்டவன் நானே!

அவர் களிம்பேறிய பகுதியை வெட்டியெறிந்து, ஈயம் வைத்து இணைத்தார். அதே காயிலிலிருந்து பொறி நீலநிறமாய்ப் பாய்ந்தது.

பலர் முன்னிலையில் பழித்தேன், ஆதலின் பலர் முன்னிலையிலேயே, "தம்பி, பிழை என்னுடையது, என்னை மன்னித்துவிடு" என்றேன். அவர் புன்னகை செய்து, "எல்லாரும் முதலில் காயிலைத்தான் பழிப்பார்கள், ஐயா. அதுவும் ஒன்றும் சொல்வதில்லை" என்றார்.

அடுத்த வாரம் அன்னையாருடன் மீண்டும் புறப்பட்டேன். இருபது கொண்டையூசி வளைவுகளிலும் கார் எங்கும் நிற்கவில்லை. அன்று முதல், எதிலேனும் குறை தோன்றினால், என் கை பட்ட இடத்தையே முதலில் தேடிப் பார்க்கின்றேன்.