ஓட்டுநர்மேல் போட்ட பழி

ஜமுனாபாரி ஆடுகள் வாங்கினீர்களே, என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களிடம் இத்தனை காலமும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன்: "லாரிக்காரன் கெடுத்துட்டான்." அது பொய். கெடுத்தவன் நான்.

உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், யமுனைக்கும் சம்பலுக்கும் நடுவே உள்ள சகர்நகர்ப் பக்கம்தான் அந்த இனத்தின் தாய்மண். கிளிமூக்கு, தொங்கும் நீளக் காது, பின்தொடையில் அடர்ந்த மயிர். நல்ல பெட்டை நாளுக்கு இரண்டு லிட்டர்வரை கறக்கும். ஒவ்வொன்றாக மடி பார்த்து, பல் பார்த்து வாங்கினேன். அந்த அக்கறை ஏற்றும்போது இல்லை. குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு தாண்டிச் சேலம் வந்து சேர ஏறத்தாழ 2000 கிலோமீட்டர்.

கறக்கத் தெரிந்த ஒருவர் அந்த லாரியில் கூடவே வந்திருக்க வேண்டும். ஆள் போட்டால் கூலி. நானே வர உடம்பு வளையவில்லை. ரயிலில் ஊர் திரும்பினேன். "எங்கும் நிறுத்தாமல் கொண்டுவந்து சேருங்கள், சீக்கிரம் வந்தால் மேலே போட்டுத் தருகிறேன்" என்று ஓட்டுநரிடம் சொன்னதும் நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கறவை ஆடு வண்டியில் நின்றாலும் மடி சுரந்துகொண்டேதான் இருக்கும். இருவேளை கறந்து பழகியதைக் கறக்காமல் விட்டால் மடி கல்லாக இறுகிவிடும். காம்பில் பால் கசியும். புழுக்கையும் மூத்திரமும் ஊறிய பலகையில் அது படுத்தால் கிருமி ஏற வேறு வழியே வேண்டாம். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. வீட்டில் ஒருவேளை கறவை தள்ளிப்போனாலே சத்தம் போடுகிறவன் நான். ஓட்டுநருக்குக் கறக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை.

வாசனை மாறிய தண்ணீரில் வெள்ளாடு எளிதில் வாய் வைக்காது. பழகிய தண்ணீரைக் கேனில் ஏற்றியிருக்க வேண்டும். கொஞ்சம் வெல்லம் கரைத்து, நாலைந்து மணிக்கொருதரம் நிழலில் நிறுத்திக் காட்டியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. வழியில் பசிக்குமே என்று மக்காச்சோளத்தையும் தவிட்டையும் வயிறு முட்டக் கொடுத்து ஏற்றினேன். தானியம் மிகுந்து தண்ணீர் குறைந்தால் வயிறு புளித்துப்போகும். காய்ந்த தழை போதும்.

வாங்கிய ஆடுகளில் ஒன்று நிறைசினை. ஐந்து மாதச் சினையில் கடைசி மாதத்தில் இருக்கும் ஆட்டை இவ்வளவு தூரம் ஏற்றவே கூடாது. விலை படிந்துவிட்டதே என்று ஏற்றினேன். 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் கேட்கும் மருத்துவச் சான்று கையில் இருந்தது. ஒவ்வோர் ஆட்டையும் பார்க்கவிடாமல் அவசரப்படுத்தி வாங்கிய சான்று அது.

லாரி வந்தபோது நிறைசினை ஆடு குட்டி வீசிக் கிடந்தது. பிறகு எழவேயில்லை. இரண்டு கறவைகளுக்கு மடி நீலம் பாய்ந்து சில்லிட்டிருந்தது. அவற்றில் ஒன்று பிழைத்தது, ஒற்றைக் காம்போடு. வந்தவற்றை மூன்று வாரமாவது ஒதுக்கிக் கட்டியிருக்க வேண்டும். அன்றே பட்டியில் விட்டேன். இருமலும் மூக்குச்சளியும் என் பழைய ஆடுகளுக்கும் பரவின. அந்தப் பழியையும் ஓட்டுநர் கணக்கில்தான் எழுதினேன்.

ஊரார் முன்னால் அவரை வைதேன், வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். "நிக்காம வரச் சொன்னது நீங்கதானுங்ணா" என்றார். அதற்கும் கத்தினேன். அந்தப் பணத்தை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும், ஊரார் முன்னால்.

வெளிமாநிலத்திலிருந்து ஆடு கொண்டுவர நினைப்பவர்களே, பால்குடி மறந்த பெட்டைக்குட்டிகளாகவோ, பால் வற்றிய, சினைப்படாத ஆடுகளாகவோ பாருங்கள். கறவைதான் வேண்டுமென்றால் கறக்கத் தெரிந்த ஒருவர் அதே லாரியில் வாருங்கள். அது முடியாதென்றால் வாங்காதீர்கள்.