வாய்ப்புண் வந்த குழந்தைக்கு மருந்தைவிட முக்கியம் இதுதான்!

காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிவிடும். வயிற்றுப்போக்கு என்றால் பார்த்தாலே தெரியும். நான்கு வயதுக் குழந்தைக்கு வாய்ப்புண் வந்தால் மட்டும், நம் கண்ணுக்கு அது பிடிவாதமாகத்தான் தெரியும். சாப்பாட்டைத் தள்ளிவிடும், பல் தேய்க்கக் கூப்பிட்டால் ஓடும், தலையணை எச்சிலில் நனைந்திருக்கும்.

என் அக்கா மகனும் அப்படித்தான் இருந்தான். அலுவலகப் பயிற்சிக்காக அக்கா ஐந்து நாள் பெங்களூரு போயிருந்தாள். பையனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அம்மாவுக்கும் எனக்கும். இரண்டாம் நாள் காலை இட்லியை வாயில் வைத்ததுமே, "சித்தி, முள்ளு குத்துது" என்று அழுதான். டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரத்திலும் கீழுதட்டின் உள்பக்கமும் ஐந்தாறு புண்கள்.

"உடம்புச் சூடுதான். மணத்தக்காளிக் கீரை கொடுத்தா சரியாயிடும்" என்றார் அம்மா. ஆனால், அவன் உள்ளங்கையிலும் பாதத்திலும் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் இருந்தன. உடம்பும் லேசாகச் சுட்டது. அன்று காலையே குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

"கை, கால், வாய் நோய். வைரஸால வர்றது. ஆன்டிபயாடிக் தேவையில்ல. ஏழு முதல் பத்து நாள்ல தானா ஆறிடும்" என்றார் மருத்துவர். எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் சிரப் மட்டும் எழுதினார். "புண்ணைவிட, எவ்வளவு குடிக்கிறான், எத்தனை தடவை யூரின் போறான்னு பாருங்க. எட்டு மணி நேரம் போகலைன்னா உடனே வந்துடுங்க. டிரிப்ஸ் போட வேண்டியிருக்கும்."

அன்று மதியம் 2 மணிக்குச் சிறுநீர் கழித்தவன், இரவு 8 மணிவரை போகவில்லை. டம்ளரைப் பார்த்தாலே வாயைப் பொத்திக்கொண்டான். வீடியோ காலில் அக்கா அழுதாள். "நைட் பஸ்ஸுக்கே கிளம்பி வர்றேன்" என்றாள்.

டம்ளரை ஒளித்துவைத்தோம். மருத்துவர் சொன்னபடி சிரப் கொடுத்து, வலி குறைய அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலை ஆறவைத்து, செல்போனில் டைமர் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன் கொடுத்தோம். இரவு 9.15-க்கு, "சித்தி, உச்சா" என்றான். எங்கள் வீட்டில் ஒரு உச்சாவுக்கு அவ்வளவு கைதட்டல் அதுவரை விழுந்ததில்லை.

அடுத்த நாள் முதல் சாப்பாட்டு முறையே மாறியது. குழைத்த தயிர் சாதம், ஆறிய கஞ்சி, இளநீர், வாழைப்பழம். புளிப்பும் காரமும், முறுக்கு மாதிரி மொறுமொறுப்பானவையும் கூடாது. ஐஸ்க்ரீமுக்கு மருத்துவர் அனுமதி கொடுத்ததை அம்மாவால் நம்பவே முடியவில்லை. குளிர்ச்சி வலியை மரத்துப்போகச் செய்யும் என்றதும் அரைமனதாகச் சம்மதித்தார். அம்மாவின் மணத்தக்காளியும் தோற்றுப்போகவில்லை. காரமில்லாமல், தேங்காய்ப்பால் விட்டுக் கூட்டாக ஆறவைத்துக் கொடுத்தார். மருந்தாக வேலை செய்ததோ இல்லையோ, உணவாக வயிற்றுக்குள் போனது.

பக்கத்து வீட்டு அக்கா, தான் பயன்படுத்தும் வாய்ப்புண் ஜெல்லைக் கொடுத்தார். வாங்கி லேபிளைப் படித்தேன். கோலின் சாலிசிலேட் என்று இருந்தது. ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த இதை 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாயில் தடவ வேண்டாம் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-லேயே சொல்லியிருக்கிறது. அக்காவிடம் பக்குவமாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பெரியவர்களின் ஜெல்லை மருத்துவரைக் கேட்காமல் குழந்தைக்குத் தடவாதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனும் வேண்டாம்.

இந்த நோய் எச்சில், மூக்குச்சளி, கொப்புள நீர், மலம் வழியாகப் பரவும். அதனால் அவனுக்குத் தனி டம்ளர், தனி துண்டு. கழிவறைக்கு அழைத்துப் போய் வந்த ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவினோம்.

எல்லா வாய்ப்புண்ணும் இந்த நோய் அல்ல. பல் கடித்தாலும் வரும். இரும்புச்சத்து, பி12 குறைந்தாலும் வரும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், அடிக்கடி திரும்ப வரும் புண், மூன்று நாள் தாண்டிய காய்ச்சல், தொடர் வாந்தி, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது... இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அக்கா திரும்பி வந்த அன்று, பையன் ரசம் சாதம் கேட்டான். அவள் முதலில் செய்தது, ப்ளே ஸ்கூல் மிஸ்ஸுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னதுதான். "எதுக்கு ஊரெல்லாம் சொல்ற?" என்றார் அம்மா. "மத்த அம்மாக்களும் வாயோட சேர்த்து உள்ளங்கையையும் பார்க்கட்டும்மா" என்றாள் அக்கா.